இரண்டாவது ஸ்டீயரிங்

கம்ப்யூட்டரில் கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு ரோட்டிலும் கார் ஓட்ட வரும் என்று நான் நம்பினேன். பள்ளிக்கூட வயதில் அல்ல. நாற்பத்தொன்பதாவது வயதில், பி.காம். பட்டத்தோடும் மூக்குக்கண்ணாடியோடும் நம்பினேன். சாப்பாட்டு மேஜை விளிம்பில் திருகி மாட்டிய பிளாஸ்டிக் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, எந்த தேசத்து மலை என்றே தெரியாத ஒரு மலைப்பாதையில் ஆறு வாரம் முதலாவதாக வந்துகொண்டிருந்தேன். ஜெயித்தால் திரையில் கலர் காகிதம் கொட்டும். அந்தக் காகிதத்தை நம்பித்தான், இரண்டு கிட்னியும் போன ஒரு பெண்மணியை வாரத்துக்கு மூன்று நாள் ஆம்பூரிலிருந்து வேலூருக்குக் காரில் கொண்டுபோய்க் கொண்டுவருகிறேன் என்று அவருடைய கணவரிடம் கொடுத்திருந்த வாக்கைக் காப்பாற்றக் கிளம்பினேன்.

அந்தக் கணவர் எதையும் சுலபத்தில் நம்புகிறவர் இல்லை. என்னை மட்டும் ஏன் நம்பினார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் எங்கள் ஷூ கம்பெனியில் லேப் பார்த்தார். நான் டிஸ்பேட்ச். அதாவது அவர் சரி என்று சொன்ன ஷூவைப் பெட்டியில் போட்டுக் கன்டெய்னரில் ஏற்றுவது என் வேலை. லேப் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டோர் ரூம் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில் தோல் துண்டை மடித்து விரித்து, மடித்து விரித்து, இடைவிடாமல் வேலை செய்யும் ஒரு மிஷின். ஐம்பதாயிரம் தடவை மடித்த பிறகு அவர் துண்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்தத் தோலில் செய்த லாட் முழுசும் நிற்கும். லாட் நின்றால் என் கன்டெய்னர் நிற்கும். கன்டெய்னர் நின்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். எங்கள் சிநேகிதம் என் வயிற்றில்தான் ஆரம்பித்தது.

"பாஸ் பண்ணிடுண்ணா, கப்பல் போய்டும்" என்று கதவில் சாய்ந்துகொண்டு கெஞ்சுவேன்.

"கப்பல் போனா அடுத்த கப்பல் வரும். ஷூ பிஞ்சிடுச்சின்னா அந்த ஊர்க்காரன் வெறுங்கால்ல பனியில நடப்பானா?"

"அவனுக்கு வேற ஷூ கீதுண்ணா. எனக்கு வேற வேலை இல்ல."

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: "நீ இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்குவ. போய் டீ குடி."

இதுதான் அவர். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், அது எந்த இடத்தில் முதலில் போகும் என்று பார்ப்பார். கல்யாண மண்டபத்தில் நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிக் காலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பெண் வீட்டார் முறைப்பார்கள். நான் ஒரு தோள்பை புதிதாக வாங்கிவந்து காட்டியபோது பாராட்டுவார் என்று நினைத்தேன். ஜிப்பை இரண்டு தரம் இழுத்தார், பட்டியை மாட்டியிருந்த காதை முறுக்கினார். "ஜிப்பு நல்லா கீது. இந்தக் காது எட்டு மாசம்" என்றார். எட்டாவது மாசம் காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அந்தக் காது பிய்ந்து, என் இட்லி டப்பா தண்டவாளத்தில் விழுந்தது. போன் செய்து திட்டினேன். "எந்தத் தையல்லேர்ந்து பிஞ்சிது?" என்று ஆசையாகக் கேட்டார்.

"எதுவும் திடீர்னு போவாதுபா. நாமதான் திடீர்னு பாக்கறோம்" என்பார். அதை டீக்கடையிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார். சாவு வீட்டில் அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவது என் பொறுப்பு.

மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். பேசிக்கொண்டே இருக்கும்போது பார்வை நம் கழுத்துக்கோ கணுக்காலுக்கோ நழுவும். இவர் எதையோ கண்டுபிடித்துவிட்டார், சொல்லாமல் இருக்கிறார் என்று தோன்றும். அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரு தரம் அண்ணி தோசை வைக்கும்போது அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்துப் புடைத்த கை அது.

"என்ன அப்டிப் பாக்காதீங்க" என்றார் அண்ணி. "நான் செருப்புத் தோலு இல்ல."

அண்ணன் உடனே தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்கு வந்த ஜோக்கைத் தோசையோடு விழுங்கிவிட்டேன்.

ஷூ கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டு வியாபாரி ஒரு ஜோடியைப் பார்த்து, இதே மாதிரிதான் எல்லாம் வேண்டும் என்று அதில் கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்துக் கொடுத்துவிடுவான். சீல் சேம்பிள் என்போம். அதை யாரும் போட மாட்டார்கள், வளைக்க மாட்டார்கள். பீரோவில் பூட்டி வைப்பார்கள். லைனில் வருகிற ஷூவில் சந்தேகம் வந்தால் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும்.

எங்கள் எல்லோருக்கும் அது கம்பெனியோடு சரி. அவர் அதை வீட்டுக்கும் கொண்டுபோனார். செருப்பு வாங்கினால் இரண்டு ஜோடி. குடை இரண்டு. அண்ணிக்கு எண்ணெய்ச் சட்டி இரண்டு. ஒன்று புழங்குவதற்கு, இன்னொன்று தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டு டேப் ஒட்டிப் பரணில். "நல்லவேளை, பொண்டாட்டி ரெண்டு எடுக்கல" என்பார் அண்ணி.

ஆகவே அவர் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாட ஸ்டீயரிங் வாங்கியபோதும் இரண்டு வாங்கினார். இருப்பதிலேயே மட்டமான ரகம். பெரிய ரகங்களில் உள்ளே மோட்டார் இருந்து கையை எதிர்த்துத் தள்ளுமாம். இதில் இருந்தது ஒரு ரப்பர் கயிறு. திருப்பினால் கயிறு இழுபடும், விட்டால் நடுவுக்கு வரும். அவ்வளவுதான் சூட்சுமம். முழுசாக ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. கூடவே காலுக்கு இரண்டு பெடல். அழுத்தினால் அது மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். கம்பெனியிலிருந்து ஷூவின் அடிப்பகுதிக்கான ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு கொண்டுவந்து அதன் கீழ் ஒட்டினார். அப்புறம் அது நகரவில்லை.

ஐம்பது வயதில் எதற்கு இந்த விளையாட்டு என்று கேட்டேன்.

அவரிடம் பழைய சின்னக் கார் ஒன்று இருந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அண்ணியை அதில் ஏற்றிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவார். பதினோரு மணிக்கு மிஷினில் படுக்க வேண்டும். முதலாளி நல்ல மனுஷர், மீதி நாளில் வேலையை முடித்துக்கொள் என்று விட்டிருந்தார். திரும்பும்போது அண்ணிக்குத் தலை சுற்றும், வாந்தி வரும், லேசாக பிரேக் அடித்தாலும் தாங்காது. அதனால் அந்தப் பெரிய ஹைவேயில் ஐம்பதைத் தாண்ட மாட்டார். லாரிகள் திட்டிக்கொண்டே தாண்டிப் போகும். டேஷ்போர்டு மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தால் தண்ணீர் ஆடாது.

"வாரத்துல ஒரு மணி நேரம், பின்னாடி யாரும் இல்லாம ஓட்டணும்பா" என்றார். "அவ்ளோதான்."

அவர் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் உட்காருவார். நான் பக்கத்தில் மக்கன் பேடா இனிப்போடு உட்காருவேன். இருநூறில் போவார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண் கொட்டாமல் போவார். எங்காவது வளைவில் வண்டி தடுப்பில் மோதிக் குட்டிக்கரணம் அடித்தால், "ஸாரி, ஸாரி" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் திரும்பிப் பார்ப்பார். பின்னால் பீரோதான் இருக்கும். நான் முதல் தரம் விழுந்து விழுந்து சிரித்தேன். நாலாவது, ஐந்தாவது தரத்துக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

அந்த ஸ்டீயரிங்குக்கும் நோட்டுப் போட்டிருந்தார். லேப் ரிப்போர்ட் மாதிரியே கோடு இழுத்து எழுதியிருப்பார். முதல் வருஷம், இடது கட்டைவிரல் படுகிற இடத்தில் ரப்பர் பளபளப்பு. இரண்டாம் வருஷம், பிரேக் பெடல் ஸ்பிரிங்கில் கீச் சத்தம், தையல் மிஷின் எண்ணெய் விட்டது, சரி. மூன்றாம் வருஷம், கயிறு தளர்ந்து நடுவில் அரை விரல் அளவு ஆட்டம், கை பழகிவிட்டது, பாஸ். இத்தனை மட்டமான பொருள் இத்தனை நாள் தாங்குகிறதே என்று அவருக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. "மோட்டார் வச்சிருந்தா போயிருக்கும். ஒண்ணும் இல்லாததால நிக்குது" என்பார்.

நான்காவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையில் வண்டி இடது பக்கமே இழுத்தது. நேர் ரோட்டிலும் போய்ப் போய்ப் புல்லில் ஏறியது.

"கயிறு போச்சு" என்றார். கழற்றினார். ஷூவின் பக்கவாட்டில் வைத்துத் தைக்கிற எலாஸ்டிக்கை வெட்டிக் கயிறாகப் போட்டார். அப்போதும் இழுத்தது. கம்ப்யூட்டரில் எதை எதையோ மாற்றினார். அப்போதும் இழுத்தது. மூன்று வாரம் அந்தப் பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டினார். நான்காவது வாரம் பரணிலிருந்து இரண்டாவது பெட்டியை இறக்கினார்.

டேப்பின் மேல் அவர் கையெழுத்து மங்காமல் இருந்தது. கத்தியால் அதை அறுக்கும்போது அண்ணிகூடச் சமையலறையிலிருந்து வந்து நின்றார். புது ஸ்டீயரிங். கை படாத ரப்பர் வாசனை. மாட்டினார், ஓட்டினார். மூன்று சுற்று. மூன்று சுற்றும் இடது பக்கம் புல்லில் ஏறியது.

"ரெண்டும் ஒரே லாட்டுண்ணா. கம்பெனி டிஃபெக்ட்" என்றேன் பேடாவை மென்றுகொண்டே.

"நீ ஓட்டு."

ஓட்டினேன். எனக்கு எதுவும் தெரியாது, ஆனால் வண்டி நேராகப் போனது. பழையதை மாட்டச் சொன்னார். அதிலும் நேராகப் போனது.

அவர் இரண்டு ஸ்டீயரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துவந்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்க வேண்டிய இடத்தில், மாவில் விரலால் அழுத்தின மாதிரி ஒரு குழி.

"இங்க கம்மியாகீது" என்றார்.

நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். தலைப்பில் ஸ்டீயரிங் என்று எழுதாமல் 'வலது கை' என்று எழுதினார். பேனா அவர் பிடியில் கொஞ்சம் வழுக்கியது.

எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்தானே. ஒரு புதன்கிழமை அண்ணி மிஷினில் படுத்திருந்தபோது இவர் இன்னொரு மாடியில் போய்க் காட்டினார். நரம்பு என்றார்கள். சதை கரையும், மருந்தால் திரும்பி வராது, மெல்ல மெல்ல மற்ற இடங்களுக்கும் போகும் என்றார்கள். அவர் கோபப்பட்டது வியாதிமேல் அல்ல. "எவ்ளோ நாளுன்னு கேட்டா, ஆளுக்கு ஆள் மாறும்ங்கறாரு. அப்புறம் இன்னாத்துக்கு அவ்ளோ மிஷினு வச்சினு டெஸ்ட் பண்றாங்க?" என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

அதற்குமேல் கேள்வி ஒன்றுதான். அண்ணியை வேலூருக்கு யார் கொண்டுபோவது?

ஆக்டிங் டிரைவர் போட்டார். மூன்று பேரை. பின் சீட்டில் அண்ணி உட்காரும் இடத்தில் இவரே உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு டெஸ்ட் பண்ணினார். முதல் ஆள் மாதனூர் வருவதற்குள் நான்கு தரம் பிரேக் அடித்தான். இரண்டாவது ஆள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் சொருகிக்கொண்டான். மூன்றாவது ஆள் பூப்போல ஓட்டினான். அவனையும் வேண்டாம் என்றார்.

"ஏண்ணா?"

"பள்ளிகொண்டா டோல்ல நிக்கறப்ப கிளட்ச் மேலயே கால் வச்சிக்கினு கீறான். கிளட்ச்ச தேய்க்கறவன் மனுஷன தேய்க்க மாட்டானா?"

பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை. கழுத்து, கை, கணுக்கால்.

"உன்கிட்ட லைசென்ஸ் கீது இல்ல?"

இருந்தது. அதை நான் வாங்கிய கதை தனி. டிரைவிங் ஸ்கூல் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் பெடல் இருந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்த இருபதடி தூரமும் அவர் காலால் ஓட்டினார், நான் முகத்தால் ஓட்டினேன். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் கியர் இல்லாத ஸ்கூட்டர்தான்.

"நீ ஒண்ணுமே ஓட்டினதில்ல. அதனால கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்ல. புதுத் தோலு" என்றார்.

நான் சரி என்றேன். தைரியத்தால் அல்ல, மாட்டேன் என்று சொல்லப் பயந்து. எனக்கு ரோட்டுக்கும் பயம், அவருக்கும் பயம். அன்றைக்கு அவர் பக்கத்தில் இருந்தார், ரோடு தூரத்தில் இருந்தது.

இரண்டாவது ஸ்டீயரிங்கைப் பெட்டியோடு என் கையில் கொடுத்தார். சீல் அறுத்த பொருளை அவர் பரணில் திரும்ப வைக்க மாட்டார். அதைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேஜையில் மாட்டினேன். "இந்த மேஜைய எங்க ஓட்டிக்கினு போவப் போறீங்க?" என்றாள் என் மனைவி. "வேலூருக்கு" என்றேன். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். எத்தனை நிமிஷத்தில் ஒரு சுற்று என்று அவருக்குச் செய்தி அனுப்புவேன். 'மூணாவது வளைவில் பிரேக் லேட்' என்று பதில் வரும். நாளாக ஆக அவரைவிட நான் வேகமாகப் போனேன். அவர் கை போய்க்கொண்டிருந்ததால்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எனக்குள் ஒரு டிரைவர் இத்தனை வருஷம் தூங்கிக்கொண்டிருந்தான் என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி மைதானத்தில் நிஜக் கார். முதல் நாள் வளைவு வந்ததும், மேஜையில் திருப்புகிற மாதிரி கால் சுற்றுத் திருப்பிவிட்டுக் கார் திரும்பும் என்று காத்திருந்தேன். அது திரும்பவில்லை. நிஜ ஸ்டீயரிங் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நேராகப் போய், நானே சனிக்கிழமை அடுக்கி வைத்த காலி அட்டைப்பெட்டிகளுக்குள் புகுந்தோம். என் கை ரீஸ்டார்ட் பட்டனைத் தேடியது.

அவர் இறங்கிப் போய் ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல பெட்டிபா. மூலை கிழியல பாரு" என்றார்.

நான் மைதானத்தில் தயாராகிக்கொண்டிருந்த ஆறு வாரம் வேலூர் பயணம் எப்படி நடந்தது என்றால், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டிரைவராக இருந்தோம். வலது கை பிடிக்காததால் அவர் இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வார். அப்படியானால் கியர் போட யாருக்கும் கை இல்லை. அதற்கு நான். முதலாளி என்னையும் அந்த மூன்று நாள் விட்டார். அவர் கிளட்ச்சை மிதித்து "ரெண்டு" என்பார், நான் இழுப்பேன். "மூணு" என்பார், தள்ளுவேன். ஒரு தரம் அவர் நாலு என்றபோது நான் பதற்றத்தில் ரெண்டு போட்டு, வண்டி எருமை மாதிரி முக்கியது.

"ஒரு காருக்கு ரெண்டு ஆம்பள" என்றார் அண்ணி பின்னாலிருந்து. "ஆளுக்கு ஒரு கை. நல்லா கீது."

மூன்று பேரும் சிரித்தோம். என் ஆயுளில் நான் உபயோகமாக இருந்த ஆறு வாரம் அது.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை, பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் அவர் இடது கை விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். யாரோ சொல்லித் திறந்த மாதிரி நிதானமாகத் திறந்தன. கார் கோட்டைத் தாண்டியது. பின்னால் லாரி அலறியது. உள்ளங்கையால் அழுத்தி இழுத்து ஓரம் கட்டினார். விரல்கள் மறுபடி மூடும்வரை முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். லேட்டாகப் போனதால் ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு ஒரு மணி நேரம் குறைத்துவிட்டார்கள். அடுத்த ஆளுக்கு மிஷின் வேண்டுமே.

திரும்பும்போது அண்ணியின் தம்பி திருப்பத்தூரிலிருந்து வந்து ஓட்டினார். அண்ணன் நோட்டை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னார். எழுதினேன்: 'இடது கை, ஆரம்பம்.'

"திங்கக்கெழமையிலேர்ந்து நீ" என்றார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில். அண்ணி பின்னால். குறைத்த ஒரு மணி நேரம் அண்ணியின் காலில் தெரிந்தது. வீங்கிச் செருப்பு நுழையாமல், பாதியில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மூச்சு விடுகிற சத்தம் முன் சீட்டுக்குக் கேட்டது.

தெருவை நன்றாகவே தாண்டினேன். பூக்காரம்மா, ஸ்கூல் வேன், குறுக்கே போன ஒரு ஆடு, எல்லாவற்றையும் தாண்டினேன். "பரவால்லயே" என்றார் அவர். சர்வீஸ் ரோட்டில் செகண்ட் கியரில் போய், அது ஹைவேயில் சேர்கிற வாய்க்கு வந்தோம்.

அங்கே நின்றேன்.

வலது பக்கம் பார்த்தேன். கன்டெய்னர் லாரிகள். வாழ்நாளெல்லாம் நான் ஏற்றி அனுப்புகிற அதே பெட்டிகள், இப்போது என்னை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஒன்று போனால் ஒன்று. நடுவில் இடம் இருந்தது. எல்லோரும் அந்த இடத்தில் நுழைந்து போனார்கள், டிராக்டர்கூடப் போனது.

"போ" என்றார். கிளட்ச்சை விட்டேன், வண்டி ஆஃப் ஆனது. மறுபடி போட்டேன். "இப்ப போ." ஆஃப். பின்னால் ஹாரன். "இப்ப. இப்ப." என் வலது கால் பிரேக்கிலேயே ஒட்டிக்கொண்டது. காலுக்கு நான் சொல்வது கேட்கவில்லை.

"கொஞ்சம் கூட்டம் கம்மியாவட்டும்ணா" என்றேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிற ரோடு அது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "அடுத்த கன்டெய்னர் நம்ம கம்பெனியுதா பாரு, லிஃப்ட் கேப்போம்" என்றுகூடச் சொன்னேன். சொன்னவன் நான்தான். இருபது நிமிஷம் ஆனது. அவர் 'போ' சொல்வதை நிறுத்தியிருந்தார்.

பின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணி, எங்க?"

"வேலூருக்கு."

பையை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து, காருக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினார். வேலூர் பஸ் நின்றது. படி உயரம். கண்டக்டர் கை கொடுத்தார். ஏறுவதற்கு முன் திரும்பி, இவர் பக்கத்து ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:

"ஏங்க, நாலு வருஷம் நல்லாத்தான் ஓட்டுனீங்க. போதும். வூட்டுக்குப் போங்க."

அண்ணன் கதவைத் திறக்கப் பார்த்தார். இரண்டு கையாலும் பார்த்தார். விரல்கள் கைப்பிடியில் நுழைந்தன, இழுக்கத்தான் வரவில்லை. "தொற" என்றார் என்னிடம். நான் அவர்மேல் சாய்ந்து, என் பெல்ட்டே என்னைப் பிடித்து நிறுத்த, அதைக் கழற்றத் தெரியாமல் கழற்றி, கதவைத் திறந்தபோது பஸ் ஹைவேயில் ஏறிவிட்டிருந்தது.

அவர் இறங்கி நின்று அது போவதையே பார்த்தார்.

"பின் டயர் மொட்டையா கீது, பாத்தியா?" என்றார்.



நடந்தது இவ்வளவுதான். கம்பெனி டிரைவர் ஒருவர் வந்து காரை வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டார். அண்ணி சாயங்காலம் பஸ்ஸிலேயே திரும்பினார். அடுத்து வந்த திங்கள், புதன், வெள்ளி எல்லாவற்றிலும் தனியாகப் பஸ்ஸில்தான் போனார். பதினோரு மாதம் கழித்து அண்ணனுக்கு மூச்சு இழுக்கிற சதையும் போனது. ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, அண்ணி வேலூரில் மிஷினில் படுத்திருந்த நேரத்தில், இறந்துபோனார். பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். செய்தி கேட்டு வந்தவர்கள், யாராவது போய் அண்ணியைக் கூட்டிவர வேண்டும் என்றார்கள். கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. சாவியை என் கையில் கொடுத்தார்கள். நான் பஸ்ஸில் போனேன்.